லாரி திரும்பும் அளவு நிலம்

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஈச்சம்பட்டின் நிலங்கள் எல்லாம் ஒரு லாரி திரும்புகிற அளவுக்குக் கிழக்கே நகர்ந்து போயிருந்தன. கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியிருந்த சமயம் அது. ஆகவே அன்று காலை டீக்கடையில் முதலில் பேசப்பட்டது தக்காளிதான். மோட்டார் போடப் போன பாவாடை என்பவன், தன் மோட்டார் கொட்டகையும் கிணறும் அடுத்தவன் மக்காச்சோளத்துக்கு நடுவில் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நிலத்தின் பக்கம் பேச்சு திரும்பியது. வரப்பு, வரப்பின் மேல் இருந்த புல், வேர் விட்ட பயிர், பயிரில் இருந்த புழு எல்லாம் நிலத்தோடு போயிருந்தன. கிணறுகளும் கொட்டகைகளும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஏனென்றால் அவற்றைச் சுற்றி யாரும் நடக்கவில்லை. நடந்ததற்கு ஏற்பத்தான் நிலம் போனது. இதை ஊர் புரிந்துகொள்ள மத்தியானம் வரை ஆயிற்று, ஒப்புக்கொள்ள இன்னும் ஆகவில்லை.

நடந்தது வைகாசியில். அதற்கு முன் மூன்று நான்கு வருஷமாகவே மழை யார் பேச்சையும் கேட்காமல் இருந்தது. விதைக்கும் மாதத்தில் காய்ந்தது, அறுக்கும் மாதத்தில் பெய்தது. கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு நிற்கும், அடிவாரத்தில் ஒரு சொட்டு விழாது. பருவநிலை மாறிவிட்டது, சிறு விவசாயிகளைக் கைபேசி மூலம் காப்பாற்றப் போகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. சிறு விவசாயிகளுக்கான திட்டம் என்பதால் ஊரிலேயே பெரிய விவசாயியான தெய்வசிகாமணியின் களத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். சமோசா கொடுத்தார்கள். கம்பெனியின் ஆள் பிரவீன்குமார், உளுந்தூர்பேட்டைக்காரன், கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தான், சட்டையை வெயில் தொடாமல் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியாக வானிலை வரும் என்றான். ஊருக்கே ஒரு வானம்தானே, அதை எப்படிப்பா பாகம் பிரிப்ப என்று யாரோ கேட்டார்கள். "சாட்டிலைட்டு சார்" என்றான். அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று எல்லோரும் சமோசாவைப் பார்த்தார்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். செயலியைத் திறந்து, கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரவர் நிலத்தின் ஓரமாக ஒரு சுற்று நடந்து வர வேண்டும். நடந்த வழி கோடாக விழும். கோட்டுக்குள் இருப்பது உங்கள் நிலம்.

மலையடிவாரத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஈச்சம்பட்டின் நிலங்கள் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையில் இருந்தன. மேற்கே முதல் இலை தெய்வசிகாமணியுடையது. கிழக்கே கடைசி இலை, ஏரியை ஒட்டிய நாற்பது சென்ட், குஞ்சம்மாளுடையது. அவளுக்கு ஐம்பது வயது. புருஷன் செத்த பிறகு அந்த நாற்பது சென்ட்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கம்பும் போட்டுத் தன் சோற்றைத் தானே தின்றுகொண்டிருந்தாள். ஒரே மகளை ரிஷிவந்தியத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் நல்லவன்தான். நல்லவன் வீட்டுச் சோறு இன்னும் சீக்கிரம் கசக்கும் என்பது குஞ்சம்மாளின் அபிப்பிராயம். அந்த நிலம் இருக்கிற வரைக்கும் அங்கே போய்க் கை நனைக்க வேண்டியதில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு நிலமும், மகள் பழசு என்று கொடுத்த கைபேசியும், ஊரில் யாரைப் பற்றியும் உயர்வாக நினைக்காத மனசும்தான்.

தெய்வசிகாமணி முதலில் நடந்தார். அவர் நிலத்தின் மேற்கு ஓரம் சீமைக்கருவேல முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. வெள்ளை வேட்டி கட்டியிருந்ததால் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு லாரி திரும்புகிற அளவு உள்ளே தள்ளியே நடந்தார். குறைந்ததை ஈடுகட்ட, கிழக்கே பக்கத்து நிலத்துக்குள் அதே அளவு தள்ளிப் போய்த் திரும்பினார். பக்கத்து நிலத்துக்காரன் ஒதுங்கி வழிவிட்டான். அவனுக்கு அவரிடம் டிராக்டர் வாடகைக்கு வேண்டும். அவன் தன் கிழக்கே இருப்பவனிடம் ஈடுகட்டினான். இப்படியே ஒவ்வொருவனும் இடது பக்கம் இழந்ததை வலது பக்கம் எடுத்துக்கொண்டு வந்தான். கைபேசியில்தானே, நிலத்திலா என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியானால் ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால், அளவு குறைந்தால் மானியம் குறையுமாம். உண்மையான நிலத்தைத் திருட வெட்கப்பட்ட ஊர், கைபேசியில் இருந்த நிலத்தை வெட்கமில்லாமல் திருடியது.

பாவாடை, குஞ்சம்மாளின் கொழுந்தன். அவன் முறை வந்தபோது அவளுடைய நாற்பது சென்ட் முழுவதும் அவன் காலடியில் போயிற்று.

"இன்னா பாவாடை, என் கொல்லைய சுத்திக்கினு போற? சாமி கும்புடுறியா?"

"எனுக்கு அந்தாண்ட போய்ட்ச்சி அண்ணி. நான் எங்க போவட்டும்?"

"நீ எங்கனா போ. மலைமேல ஏறு."

"போன்லதான அண்ணி. நீயும் ஏரில எறங்கி ஒரு சுத்து நட. காஞ்சிதான கெடக்குது. ஏரி இன்னா, கோச்சிக்கினு வந்து சண்ட போடப்போவுதா?"

குஞ்சம்மாள் அவனைப் பார்த்துக் காறித் துப்பினாள். பிறகு ஏரியில் இறங்கி, வெடித்துக் கிடந்த வண்டல் மேல் நாற்பது சென்ட்டுக்குக் குறையாமல் ஒரு சுற்று நடந்தாள். ஊரைத் திருடர்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். தானும் ஊரில் ஓர் ஆள் என்பது அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஆடியில் நிலங்கள் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. குஞ்சம்மாளின் நாற்பது சென்ட், முளைத்து இரண்டு இலை விட்ட மல்லாட்டையோடு, ஏரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஏரி அப்போதும் காய்ந்தே இருந்ததால் அவள் அங்கேயே போய்க் களை எடுத்தாள். அந்த ஏரி கீழே இருக்கிற ஊர்களுக்குத்தான் பாயும். ஈச்சம்பட்டுக்கு அது மாடு கழுவ மட்டுமே பயன்பட்டு வந்தது. ஐப்பசியில் மலைத் தண்ணீர் ஓடை வழியாக வந்து ஏரி நிறைந்தது. காய் பிடித்திருந்த செடிகள் தண்ணீருக்கு அடியில் கொஞ்ச காலம் பச்சையாகவே தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

இதற்கிடையே நிலத்தின் வழியைப் பார்த்து வானமும் கோட்டுக்குக் கட்டுப்பட ஆரம்பித்திருந்தது. காலையில் கைபேசியில் என்ன வருகிறதோ அதுவே அவரவர் நிலத்தில் நடந்தது. மழைக்கு வாய்ப்பு அறுபது சதவீதம் என்று வந்தால் நிலத்தில் அறுபது சதவீதத்தில் மழை பெய்தது. மீதி நாற்பதில் புழுதி பறந்தது. நனைந்த மண்ணுக்கும் நனையாத மண்ணுக்கும் நடுவில் மட்டப்பலகை வைத்த மாதிரி ஒரு கோடு இருந்தது. ஆட்கள் வரப்பில் நின்று எனக்கு எழுபது, உனக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள். படைப்புழு வரப்போகிறது என்று ஒரு முறை செய்தி வந்தது. மருந்தடித்தவர்களின் மக்காச்சோளம் தப்பியது. அது நிஜமாகவே உதவியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு உதவியை வைத்து ஊர் அடுத்த மூன்று மாதம் யோசிப்பதை நிறுத்திவிட்டது. தெய்வசிகாமணி வானத்தை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். மலைமேல் இடி இடித்தால் குனிந்து சட்டைப் பையைப் பார்த்தார்.

குஞ்சம்மாளுக்கும் செய்தி வந்தது. அவள் கோட்டுக்குள் தண்ணீர் இருப்பதைச் சாட்டிலைட்டு மேலே இருந்து பார்த்துவிட்டதால், கெண்டைக் குஞ்சு விட உகந்த நேரம் என்று வந்தது. வலையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வந்தது. "அண்ணி, வறுத்தா ஒரு துண்டு குடுத்தனுப்பு" என்று பாவாடை சாலையில் போகும்போதெல்லாம் சொன்னான். அவள் நிலம் இருந்த இடத்தில் இப்போது அவனுடைய மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. அவன் கிணறுதான் கையை விட்டுப் போயிருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அவள் போன் போட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் நெடுநேரம் அழுத்தச் சொன்னது. கடைசியில் பிரவீன்குமார் வந்தான்.

"மேப்ல உங்க நெலம் கரெக்ட்டா இருக்கு பெரிம்மா. நான் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"மேப்ல கீறது எனுக்குந்தான் தெரியுது. அதுக்குள்ள பூந்து மல்லாட்ட வெதைக்க முடியுமா? சொல்லு, ஏர் எட்த்துக்கினு வரேன்."

"மீன் வளக்கலாமே பெரிம்மா. வருமானம் ஜாஸ்தி."

"ஏரி மீனு கீழூர்க்காரன் ஏலத்துல எடுத்தது. நான் கைய வெச்சா கைய ஒடிப்பான். அதுக்கு ஒரு மெசேஜ் அனுப்பு."

அவன் அவளுடைய கருத்துக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டான். அன்று சாயந்திரம், சேவை திருப்திகரமாக இருந்ததா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு இன்னொரு செய்தி வந்தது. மகள் போன் செய்தாள். "பேசாம இங்க வந்துடும்மா. அவரே சொல்றாரு" என்றாள். அவரே சொல்கிறார் என்றதும் குஞ்சம்மாள் போனை அணைத்தாள்.

நிலங்கள் எல்லாம் கிழக்கே போனால் மேற்கே என்ன இருக்கும் என்பதை யோசித்த முதல் ஆள் அவள்தான். அறிவால் அல்ல, வேறு இடம் இல்லாததால். மறுநாள் மலைப்பக்கம் நடந்து போனாள். தெய்வசிகாமணியின் நிலம் நகர்ந்து போன இடத்தில், முள்ளும் கல்லும் கிடந்த ஓரத்தில், ஒரு லாரி திரும்புகிற அகலத்துக்கு ஒரு துண்டு மண் இருந்தது. புண் ஆறிப் பக்கு உதிர்ந்த இடம் மாதிரி இளஞ்சிவப்பாக, யாரும் மிதிக்காததாக இருந்தது. வடக்கிலிருந்து தெற்கே அவள் கணக்குக்கு நாற்பது சென்ட் தேறும். அவள் முள்ளை வெட்ட ஆரம்பித்தாள். தெய்வசிகாமணி வந்து வரப்பில் நின்றார்.

"யாரக் கேட்டும்மே வெட்டற? அது என் எடம்."

"ஒன்னுதுன்னா ஒன் போன்ல காட்டு மாமா."

அவர் காட்டப் பார்த்தார். கோடு அவர் செருப்புக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. கோட்டுக்கு அந்தப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தது. எந்தக் கணினியில் தேடினாலும் அந்தத் துண்டுக்கு எண் இல்லை, பெயர் இல்லை, எனவே ஆட்சேபணை செய்யவும் வழியில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்தார்.

"போடி போ. கல்லுல வெதை. அங்க மழை வருதுன்னு உனுக்கு எவன் மெசேஜ் அனுப்புவான்?"

உண்மையில் எவனும் அனுப்பவில்லை. அந்தத் துண்டில் மட்டும் மழை பழைய மாதிரியே, வரும்போது வந்தது, வராதபோது வரவில்லை. முதல் விதைப்பு காய்ந்து போயிற்று. குஞ்சம்மாள் மழையைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அது யாருடைய பேச்சுக்கும் கட்டுப்படாததால் அவள் திட்டியதற்கும் கட்டுப்படவில்லை. இரண்டாம் விதைப்பு முளைத்தது.

பங்குனியில் திட்டம் முடிந்தது. கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த நிதியின் காலம் அவ்வளவுதான். உளுந்தூர்பேட்டையில் ஹைவே ஓரத்தில் குளிர்சாதன மண்டபம் பிடித்து நிறைவு விழா வைத்தார்கள். தெய்வசிகாமணிக்குப் பருவநிலையை வென்ற சிறு விவசாயி என்று கேடயம் கொடுத்தார்கள். பிரவீன்குமார் கண் கலங்கினான். அவனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அன்று காலை எல்லோருக்கும் வந்ததுதான் கடைசிச் செய்தி. பகுதி மேகமூட்டம், அடுத்த ஐந்து நாட்களுக்கு மழை இல்லை.

அந்த ஐந்து நாட்கள் இன்னும் முடியவில்லை. அடுத்த செய்தி வந்தால்தானே முடியும். ஒவ்வொரு நிலத்தின் மேலும் பாதிக்கு ஒரு மேகம் வந்து நின்றது, மீதிப் பாதியில் வெயில் நின்றது. இரண்டும் இடம் மாறவில்லை. மேகத்துக்கு அடியில் இருந்த மரவள்ளி தீப்பெட்டிக்குச்சி மாதிரி வெளுத்து நீண்டது. வெயிலில் இருந்தது கருகியது. போர்வெல் போட்டார்கள், புகை வந்தது. அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்து மாவட்டமே தண்ணீரில் நின்றபோது, ஈச்சம்பட்டுக்காரர்கள் வரப்பில் நின்றுகொண்டு, மேற்கே ஒரு லாரி திரும்புகிற அகலத்துக்கு மட்டும் வானம் பிளந்து கொட்டுவதைப் பார்த்தார்கள். குஞ்சம்மாளின் பயிரில் பாதி அழுகியது. அவள் முழங்கால் சேற்றில் நின்று வானத்தின் தாயையும் தகப்பனையும் இழுத்துப் பேசினாள். ஊரார் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்டார்கள். மழையைத் திட்டுகிற வசதி அவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. தையில் அவள் மீதிப் பாதியைப் பிடுங்கியபோது பாவாடை வந்து தூரத்தில் நின்றான்.

"அண்ணி, பிடுங்கறதுக்கு ஆள் வேணுமா?"

"கெண்டை வறுத்திருக்கேனான்னு பாக்க வந்தியா?"

"பசிக்கிது அண்ணி."

அவள் அவனுக்குக் கூலி வேலை கொடுத்தாள். இரக்கத்தால் அல்ல, அவன் குனிந்து நிற்பதைப் பார்ப்பதற்காக. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த ஆடியில் தெய்வசிகாமணி ஒரு முடிவுக்கு வந்தார். செய்தி வருவதுதான் நின்றிருந்தது, கோடு போடும் வேலை செயலியில் இன்னும் நடந்தது. முன்பு வேட்டிக்குப் பயந்து விட்ட மேற்கு ஓரத்தை இப்போது நடந்து சேர்த்துவிட்டால் அந்தத் துண்டு கோட்டுக்குள் வந்துவிடும். கோட்டுக்குள் வந்தால் அவருடையது. பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். குஞ்சம்மாள் களைக்கொட்டோடு செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவர் கைபேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தார், முள்ளில் கிழிந்துகொண்டு மேற்கே நடந்தார், தெற்கே திரும்பினார். ஊர் வந்து வரப்பில் நின்றது. யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் அவர் பகை, தடுக்காவிட்டால் அவள் பகை, அவள் பகை மலிவு.

குஞ்சம்மாள் களைக்கொட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரிஷிவந்தியத்தில் மருமகன் வீட்டுப் பின்கட்டு தெரிந்தது, அங்கே சுவரோரம் கவிழ்த்து வைத்த, தனக்கென்று ஒதுக்கிய தட்டு தெரிந்தது. எழுந்து ஓடிப்போய் அந்த ஆளைக் கீழே தள்ளலாம். அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மூன்று பக்கமும் முடித்து, நான்காவதும் முடித்து, தொடங்கிய இடத்தில் வந்து நின்றார். கோட்டை மூடவா என்று கைபேசி கேட்டது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவர் கட்டைவிரலைத் தூக்கினார்.

"மூடு மாமா" என்றாள் குஞ்சம்மாள். "மூடிட்டீன்னா இதுவும் ஒன்னுது. ஒன்னுதெல்லாம் எப்படி கீதுன்னு ஒரு தபா திரும்பிப் பாத்துட்டு மூடு."

அவர் திரும்பிப் பார்த்தார். பாதியில் மேகமும் பாதியில் வெயிலுமாக அவருடைய நிலம் ஏரிப் பக்கமாகக் கிடந்தது. இந்தப் பக்கம் குஞ்சம்மாளின் மல்லாட்டை மஞ்சள் பூவோடு இருந்தது, தலைக்கு மேல் எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு கருமேகம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆம் என்றால் நிலம் கிடைக்கும், இந்த மேகம் போய்விடும். இல்லை என்றால் மேகம் இருக்கும், நிலம் அவளுடையது. ஒரு பயிரையும் விளைவிக்காத நிலத்தைச் சேர்ப்பதா, அடுத்தவள் நிலத்தில் பெய்கிற மழையைப் பார்ப்பதா என்று அவர் யோசித்தார். வாழ்க்கையில் அதுவரை அவருக்கு எதையும் யோசித்துப் பழக்கமில்லை, எடுத்துத்தான் பழக்கம். அதனால் நேரம் எடுத்தது.

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வருஷம் திரும்பிவிட்டது. கட்டைவிரல் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் மேலே நிற்கிறது. கைபேசியில் சார்ஜ் இறங்கவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கால் வைத்திருந்த இடத்தில் மண் கெட்டிப்பட்டுக் கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. மூடாத கோட்டில் நிற்பதால் அவர் உடம்பில் இடது பாதி நிழலில் வெளுத்துப் போயிற்று, வலது பாதி வெயிலில் கறுத்துப் போயிற்று. வீட்டார் வந்து இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ஒரு நாள் கேடயத்தைக் கொண்டு வந்து காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஓணான் முட்டையிட்டது. கைபேசியைப் பிடுங்கிவிடலாம் என்று பாவாடை சொன்னான். பிடுங்கும்போது விரல் எந்தக் கட்டத்தில் படும் என்று குஞ்சம்மாள் கேட்டாள். பாவாடை இரண்டடி பின்னால் போனான்.

ஆகவே தினமும் மத்தியானம் அவளே ஒரு தூக்கில் கூழ் கொண்டு போய் அவருக்கு ஊட்டுகிறாள். பசியில் தலை சுற்றி விரல் இறங்கிவிடக் கூடாது. பனிக்காலத்தில் தோளில் கோணி போர்த்துகிறாள். தும்மல் வந்துவிடக் கூடாது. கையில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுகிறாள். பெற்ற தகப்பனை இப்படி யாரும் பார்த்துக்கொண்டதில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

"கை வலிக்குதா மாமா?"

"இல்லம்மே."

"வலிச்சா சொல்லு. கவக் குச்சி வெச்சி முட்டுக் குடுக்கிறேன். அவசரப்படாத. நல்லா யோசி."

அடிவாரச் சாலையில் கச்சிராயபாளையம் போகிற மினி பஸ் இப்போது அங்கே நிற்கிறது. தெய்வசிகாமணி ஸ்டாப் என்று கேட்டால் டிக்கெட் கொடுக்கிறார்கள். குஞ்சம்மாள் மூட்டையை அவர் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, பஸ் வரும் வரை அவருடைய நிழலில் நிற்கிறாள். இந்த வருஷம் மல்லாட்டைக்கு விலை கம்மி.